தொனிக்குறிகள்: கிழக்காசிய எழுத்து வரலாறும் கணினிக் குறியெண்களும்

எழுத்தென்பது ஒலிக்கு மக்கள் வகுத்துக்கொண்ட வரிவடிவம். ஆயினும் பேச்சொலியின் கூறுகள் அனைத்தையும் முற்றாகக் காட்டும் எழுத்துமுறை உலகில் எங்கணும் இல்லை. எழுத்தில் விடுபடும் கூறுகளுள் குரலின் ஏற்றவிறக்கம் முதன்மையானது. தமிழிலே ‘வந்தான்’ என்னுஞ் சொல்லை வினாவாகச் சொல்லலாம்; வியப்பாகவும் சொல்லலாம்; வெறுப்பாகவுஞ் சொல்லலாம். அங்ஙனஞ் சொல்லுங்கால் சொல்லுவோன் கருத்து வேறுபடுகின்றதேயன்றிச் சொற்பொருள் வேறுபடுவதில்லை. எனவே குரலின் போக்கினை எழுத்திற் காட்டாது விடினும் நமக்குப் பெரிய இடர் நேர்வதில்லை.

சீனம், வியட்நாமியம் முதலாய மொழிகளின் இயல்பு இதனின் வேறானது. அம்மொழிகளிலே உயிரும் மெய்யும் எவ்வாறு சொல்லின் உறுப்புக்களோ, அவ்வாறே குரலின் நிலையும் சொல்லின் உறுப்பாகும். வியட்நாமிய மொழியில் ‘மா’ என்னும் ஓரசையைச் சமமாக ஒலித்தாற் பேய் என்றும், உயர்த்தி ஒலித்தால் தாய் என்றும், தாழ்த்தி ஒலித்தால் ஆனால் என்றும் பொருள்படும். அதுவே வளைந்தெழும் குரலிற் கல்லறையாகவும், உடைந்தெழும் குரலிற் குதிரையாகவும், அழுந்திய குரலில் நெல்நாற்றாகவும் மாறும். இவ்வாறு சொற்பொருளை வேறுபடுத்தும் குரல்நிலையைத் தொனி என்றும், அதனை எழுத்திற் காட்டும் அடையாளத்தைத் தொனிக்குறி என்றும் இக்கட்டுரையில் வழங்குவாம்.

தொனிக்குறி எழுத்தின் உறுப்பா, அன்றி எழுத்துக்குப் புறத்தே நிற்கும் துணையா என்பது கிழக்காசிய அறிஞர்கள் முன் பல நூற்றாண்டுகளாக நின்ற வினா. கணினி தோன்றியபின் எழுத்துக்கள் யாவற்றிற்கும் எண் கொடுக்கவேண்டிய நிலை ஏற்பட்டபோது அவ்வினா மீண்டும் எழுந்தது. பழைய ஏடெழுதுவோன் குறியை இட்டும் எழுதலாம், இடாதும் எழுதலாம். கணினியோ தனக்கு எண்ணாகத் தரப்படாத எதனையும் அறியாது. ஆகவே பண்டையோர் முடிவு கூறாது விட்டவற்றிற்கும் நம் காலத்தவர் முடிவு கூற நேர்ந்தது. அவ்வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

நாற்றொனியும் நான்கு மூலையும்

தம் மொழியில் தொனிகள் உண்டென்பதைச் சீன அறிஞர் வகுத்துரைத்தது கி.பி. 5ஆம் நூற்றாண்டின் இறுதியிலாகும். ஷென் யுவே என்னும் புலவர் (441–513) நாற்றொனி பற்றி ஒரு நூல் இயற்றினார். ஆயிரமாண்டுகளாக எவரும் உணராத நுட்பத்தைத் தாம் உணர்ந்ததாக அவர் பெருமிதங்கொண்டார் என வரலாற்று நூல் கூறும். அந்நூல் இன்று கிடைத்திலது. அவர் கண்ட நான்கு தொனிகளாவன: பிங் எனப்படும் சமதொனி, ஷாங் எனப்படும் ஏறுதொனி, ச்சூ எனப்படும் செல்தொனி, ரூ எனப்படும் புகுதொனி என்பன. ப், த், க் என்னும் வல்லொலிகளால் அடைபட்டு முடியும் அசைகளே புகுதொனிக்கு உரியவை. இப்பெயர் ஒவ்வொன்றும் தான் குறிக்கும் தொனியிலேயே ஒலிக்கப்பட்டது என்பது கருதத்தக்கது.

லியாங் வமிசத்து வூ மன்னன், நாற்றொனி என்பது யாது என்று அவைக்களத்து அறிஞராகிய சோவ் ஷேயை வினவினான். அரசனின் அறிவைப் புகழும் நான்கு சொற்களாலான தொடர் ஒன்றையே அவர் விடையாகக் கூறினார். அந்நான்கு சொற்களும் முறையே நான்கு தொனிகளுக்கும் உதாரணமாக அமைந்திருந்தன. விடை நயமுடையதாயினும் மன்னன் தொனிமுறையைக் கைக்கொண்டானல்லன். கற்றோரும் எளிதில் ஏற்காத அளவுக்கு அஃது அக்காலத்தே புதுமையாயிருந்தது.

இவ்வுணர்வு திடீரெனத் தோன்றியதற்குக் காரணம் என்னை? சென் யின்கொ என்னும் வரலாற்றறிஞர் 1934ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில் இதற்கு விடைகூற முயன்றார். பௌத்த நூல்கள் சீனத்தில் ஓதப்பட்டபோது, உதாத்தம், அநுதாத்தம், சுவரிதம் என்னும் ஆரிய மொழியின் மூன்று சுரங்களையும் சீனர் செவிமடுத்தனர். அவற்றோடு ஒப்பிட்டே புகுதொனி ஒழிந்த மூன்று தொனிகளையும் தம் மொழியிற் கண்டனர் என்பது அவர் கருத்து. வேத ஓதலின் சுரமுறையைப் பௌத்த விநயம் துறவியர்க்கு விலக்கியிருந்ததைக் காட்டி இதனை மறுப்பாரும் உளர். ஆயினும் வடமொழி ஒலிநூலறிவு பௌத்தத்தின் வழியே சீனரைத் தம் மொழியின் ஒலிகளை ஆராயத் தூண்டியது என்பதில் அறிஞர்க்குள் ஐயமில்லை.

கி.பி. 601இல் லூ ஃபாயன் தொகுத்த ச்சியெயுன் என்னும் ஓசையகராதியும், அதன் வழிவந்ததாய் 1008இல் முற்றுப்பெற்ற குவாங்யுன் என்னும் பேரகராதியும் சொற்களைத் தொனிவாரியாகப் பகுத்தன. குவாங்யுன் ஐந்து பகுதிகளையுடையது. சமதொனிச் சொற்கள் மிகுதியாதலின் அவற்றிற்கு இரு பகுதிகளும் ஏனைய தொனிகளுக்கு ஒவ்வொரு பகுதியும் வகுக்கப்பட்டன. இந்நூல்களில் எழுத்தின்மேல் யாதொரு குறியும் இல்லை. ஒரு சொல் எப்பகுதியில் இடம்பெறுகின்றதோ அதுவே அதன் தொனியைக் காட்டும்.

ஒரே எழுத்து இரு தொனிகளில் இரு பொருள்பட நிற்குமிடத்து மட்டும் வாசிப்போர்க்குத் துணை வேண்டியிருந்தது. தாங் வமிசக் காலத்திலே அத்தகைய எழுத்தின் மூலையிற் புள்ளியிடும் வழக்கம் பரவியது. இடப்பக்கத்துக் கீழ்மூலை சமதொனிக்கும், இடப்பக்கத்து மேல்மூலை ஏறுதொனிக்கும், வலப்பக்கத்து மேல்மூலை செல்தொனிக்கும், வலப்பக்கத்துக் கீழ்மூலை புகுதொனிக்கும் உரியனவாயின. இவ்வாறு குறி எழுத்தைச் சுற்றி வலமாகச் செல்கின்றது. அஃது எழுத்தின் உறுப்பன்று. படிப்போன் இட்டுக்கொண்ட அடையாளமே.

இப்புள்ளிமுறை யப்பானுக்குஞ் சென்றது. ஹெய்யன் காலத்து அகராதியாகிய ருய்ஜு மியோகிஷோவில் யப்பானியச் சொற்களின் குரலேற்றத்தைக் காட்ட மூலைப்புள்ளிகள் இடப்பட்டுள்ளன. அங்கே மெய்யொலி அதிர்வொலியாயின் ஒரு புள்ளிக்குப் பதிலாக இருபுள்ளி இடும் வழக்கம் தோன்றியது. காலப்போக்கிற் குரலேற்றம் காட்டும் பணி மறைய, அதிர்வொலி காட்டும் பணி நிலைத்தது. இன்று யப்பானிய அசையெழுத்தின் வலப்பக்கத்து மேல்மூலையில் நின்று ககர வரிசையைக் குழைந்த ககரமாகவும் தகர வரிசையைக் குழைந்த தகரமாகவும் மாற்றும் இரட்டைக்கோடு, அப்பழைய தொனிப்புள்ளியின் வழித்தோன்றலேயாகும்.

கொரிய மன்னனின் பக்கப்புள்ளி

கொரிய நாட்டின் செஜொங் மன்னன் 1443இல் வகுத்து 1446இல் மக்களுக்கு அறிவித்த 28 எழுத்துக்களைப் பற்றி நம்மவரிற் பலர் கேள்வியுற்றிருப்பர். அவ்வெழுத்துக்களோடு தொனிக்குறிகளும் வகுக்கப்பட்டன என்பதை அறிந்தோர் சிலரே. அசையின் இடப்பக்கத்தில் ஒரு புள்ளியிட்டால் அது செல்தொனி, இருபுள்ளியிட்டால் ஏறுதொனி, புள்ளியின்றேல் சமதொனி. புகுதொனிக்குத் தனிக்குறி இல்லை. பெயர்கள் சீனத்தனவாயினும் அவை குறித்தது கொரியரின் சொந்தப் பேச்சினையே. அறிஞர் ஆராய்ச்சியின்படி புள்ளியின்மை தாழ்ந்த குரலையும், ஒரு புள்ளி உயர்ந்த குரலையும், இருபுள்ளி தாழ்ந்து உயரும் குரலையும் காட்டின.

எழுத்துக்களின் அமைப்பை விளக்கும் உரைப்பிரதி நெடுங்காலம் மறைந்துகிடந்து 1940இல் வெளிப்பட்டது. அவ்வுரை நான்கு தொனிகளை நான்கு பருவங்களுக்கு ஒப்பிடுகின்றது. சமதொனி வசந்தம், ஏறுதொனி கோடை, செல்தொனி இலையுதிர்காலம், புகுதொனி மாரி. எழுத்தை இயற்கையின் ஒழுங்கோடு பொருத்திக் கண்ட அக்காலத்தவர் தொனியையும் அவ்வொழுங்கிற்குப் புறத்தே வைத்திலர் என்க.

1527இல் சோ செஜின் இயற்றிய சிறுவர் பாடநூலிலும் இப்புள்ளிகள் விளக்கப்பட்டுள்ளன. ஆயினும் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவற்றை இடுவதில் ஒழுங்கு குலைந்தது. அந்நூற்றாண்டு முடிந்தபின் அவை மறைந்தன. நாட்டின் நடுப்பகுதிப் பேச்சில் தொனி வேறுபாடு மங்கிவந்தமையே இதற்குத் தலையாய காரணம். தென்கிழக்குக் கியொங்சாங் வட்டாரப் பேச்சிற் குரலேற்ற வேறுபாடு இன்றும் வாழ்கின்றது. அவ்வட்டாரச் சொற்களையும் 15ஆம் நூற்றாண்டுப் புள்ளிகளையும் ஒப்புநோக்கிய அறிஞர், இரண்டிற்கும் இடையே ஒழுங்கான பொருத்தம் இருத்தலைக் கண்டனர். மை கொண்டிட்ட அச்சிறு புள்ளிகள் இல்லாதிருப்பின், ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய கொரியரின் குரலை நாம் அறியும் வாயில் பெரிதும் அடைபட்டிருக்கும்.

பாதிரிமார் வகுத்த ஐங்குறி

வியட்நாம் நிலவகையால் தென்கிழக்காசியாவைச் சேர்ந்ததாயினும் எழுத்துப் பண்பாட்டால் நெடுங்காலம் சீனத்தோடு இணைந்திருந்தது. 17ஆம் நூற்றாண்டில் அங்கே சென்ற யேசுசபைப் பாதிரிமார் அந்நாட்டு மொழியை உரோம எழுத்தில் எழுத முற்பட்டனர். போர்த்துக்கேயராகிய பிரான்சிஸ்கோ தெ பினா முன்னோடி. கஸ்பார் தொ அமரால், அந்தோனியோ பர்போசா ஆகியோர் அகராதிகள் தொகுத்தனர். அவர்கள் உழைப்பின் பயனைக்கொண்டு அலெக்சாந்தர் தெ றோட் 1651இல் உரோமாபுரியில் வியட்நாமியம், போர்த்துக்கேயம், இலத்தீன் ஆகிய மும்மொழி அகராதியை வெளியிட்டார்.

சீனத்திலும் இத்தகைய முயற்சி முன்னரே நிகழ்ந்தது. இசைப்பயிற்சி மிக்க லாசரோ கத்தானியோவின் துணையோடு மத்தேயோ றிச்சி சீனத்தொனிகளுக்குக் குறிகள் வகுத்தார்; 1626இல் நிக்கொலா திரிகோ வெளியிட்ட நூலில் அத்தகைய ஐந்து குறிகள் காணப்படுகின்றன. தாய்மொழியாகப் பேசுவோன் தொனியை எண்ணாமலே ஒலிப்பான். அந்நியனோ அதனைக் கண்ணாற் கண்டாலன்றிப் பிழைபடுவான். ஆதலின் குறியின் தேவையை அந்நியரே முதலில் நன்குணர்ந்தனர் போலும்.

வியட்நாமிய ஆறு தொனிகளுக்கும் ஐந்து குறிகளே வகுக்கப்பட்டன. உயரும் சாய்கோடு, தாழும் சாய்கோடு, நெளிகோடு, எழுத்தின் கீழ் இடும் புள்ளி ஆகிய நான்கும் கிரேக்க எழுத்துமுறையின் குறிகளைப் பின்பற்றியவை. ஐந்தாவது, வினாக்குறியினின்றும் பிறந்த கொக்கி. ஆறாவதாகிய சமதொனிக்குக் குறியில்லை. இக்குறிகள் எழுத்தின் புறத்தே நில்லாது உயிரெழுத்தின் தலைமேலும் அடியிலும் அமர்ந்தன. அவ்வுயிரெழுத்துக்களிற் சில, ஒலிவேறுபாடு காட்டுதற்பொருட்டு ஏற்கெனவே கூரையோ பிறையோ கொம்போ தாங்கியவை. ஆகவே ஓரெழுத்தின்மேல் இரு குறிகள் ஏறும் நிலை உண்டாயிற்று. 1919இல் சீன எழுத்திலான இறுதி அரசாங்கத் தேர்வு நடந்தபின், இவ்வுரோம எழுத்தே நாட்டின் எழுத்தாக நிலைபெற்றது.

அச்சும் தந்தியும்

20ஆம் நூற்றாண்டுச் சீனத்தில் எழுத்தறிவைப் பரப்பும் நோக்குடன் ஒலியெழுத்துக்கள் வகுக்கப்பட்டன. 1913இல் கூடிய உச்சரிப்பு ஒருமைப்பாட்டு அவை ஏற்று, 1918இல் அரசு வெளியிட்ட ஒலியெழுத்தில் தொனியைக் காட்டப் பழைய மூலைப்புள்ளிகளே பயன்பட்டன. 1922இல் அப்புள்ளிகளுக்குப் பதிலாகக் கோட்டுருவான குறிகள் வந்தன. 1958இல் மக்கட் சீனம் ஏற்ற பின்யின் என்னும் உரோம எழுத்துமுறையும் அக்கோடுகளையே உயிரெழுத்தின்மேல் இட்டது.

இவ்விரண்டிற்கும் இடையே 1928இல் வேறொரு முறை அரசின் ஒப்புதல் பெற்றது. சாவ் யுவன்ரென் முதலிய மொழியறிஞர் வகுத்த அம்முறையில் தொனிக்குறி என ஒன்று இல்லை. தொனிக்கேற்ப எழுத்துக்கூட்டலே மாறும். தட்டச்சுப் பொறிக்கும் அச்சுக்கும் தந்திக்கும் குறிகள் இடராயிருந்தமையால், தொனியை எழுத்துக்களுள்ளே புகுத்திவிடுவதே தக்கதென அவர்கள் கருதினர். கற்பதற்கு அரிதாதலின் அம்முறை வழக்கொழிந்தது. ஆயினும் அதன் சுவடொன்று இன்றும் தேசப்படத்திற் காணப்படும். வடசீனத்தில் அடுத்தடுத்துள்ள இரு மாகாணங்களின் பெயர்கள் ஷான்சி என்றே ஒலிப்பவை. முதலசையின் தொனி ஒன்றே வேறுபாடு. குறியின்றி எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆகவே ஒன்றன் பெயரில் அகரத்தை இரட்டித்து எழுதும் வழக்கத்தை 1928ஆம் ஆண்டு முறையிலிருந்து கடன்கொண்டனர். கோடிக்கணக்கான மக்கள் வாழும் இரு மாகாணங்களைப் பிரித்தறிய, கைவிடப்பட்ட ஒரு முறையின் துணையை நாடவேண்டியதாயிற்று.

வியட்நாமியர் தந்தியனுப்புதற்குக் கையாண்ட உபாயமும் அறியத்தக்கது. தந்தியிற் குறிகளை அனுப்ப இயலாமையால், அசையின் இறுதியில் ஓரெழுத்தைச் சேர்த்துத் தொனியைக் காட்டினர். ஐந்து தொனிகளுக்கும் எஸ், எஃப், ஆர், எக்ஸ், ஜே என்னும் எழுத்துக்கள் வகுக்கப்பட்டன. வியட்நாமியத்தில் எந்த அசையும் எஸ், ஆர், எக்ஸ் என்பவற்றால் முடிவதில்லை. எஃப், ஜே என்பன அந்நெடுங்கணக்கிலேயே இல்லை. ஆதலால் மயக்கத்திற்கு இடமில்லை. டெலெக்ஸ் எனப்பெயரிய அம்முறையே இன்று வியட்நாமியர் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் தம் மொழியைத் தட்டச்சிடும் பெருவழக்கான முறையாயிற்று.

எண்ணாக மாறிய எழுத்து

கணினியினுள் எழுத்தென்பது ஓர் எண்ணேயாகும். 1963இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி குறிமுறையில் 128 இடங்களே இருந்தன. ஆங்கில நெடுங்கணக்கிற்கு அவை போதும். பின்னர் அவ்விடங்கள் இரட்டிக்கப்பட்டு 256 ஆயின. முற்பாதியை ஆஸ்கியே பிடித்துக்கொள்ள, ஏனைய மொழிகளுக்கு எஞ்சியவை 128.

வியட்நாமியத்தின் தேவையை இங்கே கணக்கிட்டுப் பார்ப்பாம். அம்மொழியின் உயிரெழுத்துக்கள் 12. ஒவ்வொன்றும் ஐந்து குறிகளை ஏற்க 60 ஆகும். ஆஸ்கியில் இல்லாத உயிர்கள் ஆறும், குறுக்குக்கோடிட்ட டகரம் ஒன்றும் சேர 67. சிற்றெழுத்து, பேரெழுத்து என இரட்டித்தால் 134. இருந்த இடமோ 128, ஆறெழுத்துக்கு இடமில்லை.

இந்த ஆறெழுத்துச் சிக்கலுக்குப் பல தீர்வுகள் எழுந்தன. புலம்பெயர்ந்த வியட்நாமிய அறிஞர் 1992இல் வெளியிட்ட விஸ்கி என்னும் குறிமுறை, அருகி வழங்கும் ஆறு பேரெழுத்துக்களைப் பொறியின் இயக்கக் கட்டளைகளுக்கென ஒதுக்கப்பட்ட இடங்களில் அமர்த்தியது. அதனால் எழுத்தைக் கட்டளையெனப் பொறி மயங்கும் இடர் உண்டாயிற்று. 1993இல் வியட்நாம் வெளியிட்ட தேசிய நியமத்தின் மூன்றாம் வடிவம், தொனி தாங்கிய பேரெழுத்துக்களை முற்றாக விட்டது. அவற்றை எழுத வேறோர் எழுத்துருவை நாடவேண்டும். எழுத்துரு மாறின் பேரெழுத்து சிற்றெழுத்தாகிவிடும். மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் 1258ஆம் குறிப்பட்டியலோ உயிரெழுத்துக்களைக் கூரையோடும் பிறையோடும் முழுமையாக வைத்து, ஐந்து தொனிக்குறிகளை மட்டும் பிரித்து ஒட்டுக்குறிகளாக வைத்தது. இலக்கண நோக்கில் இதுவே பொருத்தமானது. கூரையும் பிறையும் உயிரொலியைக் காட்டுவன. தொனிக்குறி அசையின் குரலைக் காட்டுவது.

சீனத்தின் 1980ஆம் ஆண்டு நியமம் பின்யினுக்கென 26 எழுத்துக்களைத் தந்தது. ஆறு உயிர்கள் நான்கு தொனிகளைப் பெற 24. குறியில்லாத சிறப்பெழுத்து இரண்டு. அவை யாவும் சிற்றெழுத்துக்களே. அன்ஹுய் என்னும் மாகாணத்தின் பெயரை முதலெழுத்தைப் பேரெழுத்தாக்கித் தொனியோடு எழுத அந்நியமத்தில் வழியில்லை. யப்பானில், 1969ஆம் ஆண்டு நியமம் முற்கூறிய இரட்டைக்கோட்டுக்குத் தனியிடந் தந்தது. 1978ஆம் ஆண்டு நியமமோ அதனை எழுத்தோடு சேர்த்து ஒன்றாக்கியது. குறி உறுப்பா, துணையா என்னும் வினாவுக்கு ஒரே நாடு ஒன்பது ஆண்டுக்குள் இரு விடைகள் கூறியது.

ஒருங்குறியின் விடை

உலக எழுத்துக்கள் யாவற்றையும் ஒரே பட்டியலில் அடக்கும் ஒருங்குறி 1991இல் முதன்முதல் வெளிவந்தது. கிழக்காசியத் தொனிக்குறிகள் பலவும் அதில் இடம்பெற்றன. சீன மூலைப்புள்ளிகளுக்கு நான்கு குறியெண்கள். கொரியப் பக்கப்புள்ளிகளுக்கு இரண்டு. எந்தக் குறி எழுத்தின் எந்த மூலையில் நிற்கும் என்பதும் எண்ணாலேயே குறிக்கப்பட்டது.

கொரியப் புள்ளி அசையின் இடப்பக்கத்தில் நிற்பது. ஆயினும் கணினியின் நினைவில் அசைக்குப் பின்னரே பதியப்படும். இது நமக்குப் புதிதன்று. தமிழில் ‘கெ’ என எழுதுங்காற் கொம்பு முன்னே நிற்பினும், ஒருங்குறியில் ககரத்தின் எண் முன்னும் கொம்பின் எண் பின்னுமாகவே அமையும். கண் காணும் ஒழுங்கு வேறு, பதியும் ஒழுங்கு வேறு.

வியட்நாமியத்திற்கு ஒருங்குறி இருவகை விடையையுந் தந்தது. 134 எழுத்துக்களுக்கும் தனித்தனி எண் உண்டு. பிரித்தெழுதுவோர்க்கு ஒட்டுக்குறிகளும் உண்டு. இதன் விளைவைக் காண அந்நாட்டின் பெயரே போதும். ‘வியட்’ என்னுஞ் சொல்லின் உயிர், மேலே கூரையும் கீழே புள்ளியும் உடையது. அதனை ஓரெண்ணாக எழுதலாம். கூரையெழுத்தோடு புள்ளி சேர்க்கலாம். புள்ளியெழுத்தோடு கூரை சேர்க்கலாம். வெற்றெழுத்தோடு இரண்டையும் இரு ஒழுங்கிலுஞ் சேர்க்கலாம். ஆக ஐந்து வழிகள். கண்ணுக்கு ஐந்தும் ஒன்றே. சமப்படுத்தப்படாத கணினிக்கு அவை ஐந்து வேறு சொற்கள். ஒரு நூலகப் பட்டியலில் ஒரு வழியிற் பதிந்த பெயரை மற்றொரு வழியில் தேடுவோன், நூல் இல்லையெனத் திரும்புவான். இதனைத் தவிர்க்கவே ஐந்தும் ஒன்றென ஒருங்குறி விதித்து, ஒரு வடிவிற்குக் கொணரும் நெறியையும் வகுத்தது. அந்நெறிப்படி முற்றாகப் பிரிக்குங்கால் கீழ்க்குறி முன்னும் மேற்குறி பின்னும் வரும். ஆகவே இலக்கணம் முதலில் வைக்கும் உயிரின் கூரையை முந்திக்கொண்டு தொனியின் புள்ளி நிற்கும். பொறியின் ஒழுங்கு மொழியின் ஒழுங்கன்று என்பதற்கு இஃதொரு சான்று.

வியட்நாமியத் தொனிக்கெனச் சாய்கோடுகள் இரண்டிற்குத் தனியெண்களும் ஒருகால் வகுக்கப்பட்டன. பிரெஞ்சு முதலிய மொழிகளின் சாய்கோடுகளும் அவையும் ஒன்றே என முடிவு செய்யப்பட்டதால், அத்தனியெண்கள் இன்று கைவிடத்தக்கவை என ஒதுக்கப்பட்டுள்ளன. ஒரே வடிவம் ஒரு மொழியில் உயிரின் தன்மையையும் மற்றொரு மொழியில் தொனியையும் காட்டலாம். ஒருங்குறி வடிவையே நோக்கியது, பணியை நோக்கிற்றிலது.

வரலாறு உணர்த்துவது

மேற்கூறிய முறைகளை ஒருங்குவைத்து நோக்கின் ஒரு பொதுமை புலப்படும். கொரியத்தில் சமதொனிக்குப் புள்ளியில்லை; வியட்நாமியத்தில் சமதொனிக்குக் குறியில்லை. இருக்குவேத ஏடுகளில் அநுதாத்தத்திற்குக் கீழே கிடைக்கோடும் சுவரிதத்திற்கு மேலே நிலைக்கோடும் இட்டனர்; உதாத்தத்திற்குக் குறியில்லை. குறியின்மையும் இம்முறைகளில் ஒரு குறியேயாகும். ஆதலின் குறிகளை நீக்கிய எழுத்து தொனியைக் கூறாது விடும் எழுத்தன்று. பொய்த்தொனியைக் கூறும் எழுத்தாகும். குறிகளை நீக்கிய வியட்நாமியப் பக்கத்தில் தாயும் நாற்றும் கல்லறையும் பேயாகிவிடும். புள்ளிகளை நீக்கிப் படியெடுத்த பழங்கொரிய நூல், அக்காலத்தார் யாவரும் தாழ்ந்த குரலிலேயே பேசினர் என்று பின்வருவோர்க்குச் சான்றுகூறும்.

இவ்வுண்மையைத் தமிழர் தம் அனுபவத்தாலும் அறிவர். மெய்யெழுத்துப் புள்ளிபெறும் என்பது தொல்காப்பிய விதி. ஓலையில் எழுதியோர் அப்புள்ளியை இடாது விட்டனர். புள்ளியில்லாத மெய் அகரமேறிய உயிர்மெய்யாகவே நிற்குமாதலின், ஏடு படிப்போர் இடம்நோக்கி உய்த்துணர வேண்டியதாயிற்று. அக்காலத்து வழக்கறிந்தோர்க்கு அஃது எளிது. பிற்காலத்தில் ஏடுகளைப் பதிப்பிக்கப் புகுந்தோர் பட்ட பாடு பெரிது. அறிந்தவனுக்கு மிகையெனத் தோன்றும் குறியே அறியாதவனுக்கு வழிகாட்டி. சிறுவனும் அந்நியனும் இனிப் பிறக்கப்போகும் ஆராய்ச்சியாளனும் அவ்வறியாதவருள் அடங்குவர்.

இன்று நூல்கள் ஏட்டிலிருந்து தாளுக்கு வந்தவாறே தாளிலிருந்து கணினிக்குச் செல்கின்றன. ஓர் ஊடகத்தினின்றும் மற்றோர் ஊடகத்துக்கு மாறும்போதே சிறு குறிகள் உதிர்கின்றன. எனவே குறியெண் வகுப்போர் கடமை ஒன்று. அதனைக்கொண்டு எழுதுவோர் கடமை மற்றொன்று. எண் இருந்தும் குறியிடாது தட்டச்சிடுவோன், புள்ளியிடாத ஓலையெழுத்தாளனின் வழியிலேயே செல்கின்றான். தட்டச்சிற் பயிலும் நம் மாணாக்கரும் இதனை மனங்கொள்ளுதல் வேண்டும்.

2009இல் வெளிவந்த ஒருங்குறியின் 5.2ஆம் பதிப்பிலே, பழங்கொரிய நூல்களை முழுமையாக எழுதுதற்கு வேண்டிய எழுத்துறுப்புக்கள் பல சேர்க்கப்பட்டன. அதே பதிப்பிலேயே வேத ஓதலின் பல்வகைச் சுரக்குறிகளுக்கும் தனிப்பகுதி ஒன்று வகுக்கப்பட்டது. பண்டைப் பாரதத்தின் ஓதற்குரலும் கொரிய மன்னன் புள்ளியிட்டுக் காத்த குரலும் இன்று ஒரே பட்டியலில் இடம்பெற்றுள்ளன. அவ்வெண்களைப் பயன்படுத்தி மூலநூல்களைக் குறி பிறழாது பதிந்துவைத்தல் இனிக் கற்றோர் பணியாகும்.